அழுத குழந்தை திடீரென்று அடங்கினால்: ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். நெஞ்சுவலி, விபத்து, விஷம் என்று பெரியவர்கள் கேஸ் எது வந்தாலும் கை தானாக வேலை செய்யும். குழந்தை என்று போன் வந்தால் மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. போன மாதம் எட்டு மாதக் குழந்தை ஒன்று. மூன்று நாளாகச் சளி, அன்று மூச்சிரைப்பு. வண்டியில் ஏற்றும்போது மூச்சு நிமிடத்துக்கு 68, ஒரே அழுகை. ஆக்சிஜன் வைத்தேன். பாதி வழியில் அழுகை நின்று கண்ணை மூடிக்கொண்டது. மூச்சு 34-க்கு இறங்கியது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 95. அம்மா "தூங்கிட்டான்" என்றார், எனக்கும் நிம்மதி. ஆஸ்பத்திரியில் இறக்கியதும் அங்கிருந்த டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) கையில் எடுத்தார். குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் எனக்கு இன்னும் புரியவில்லை. நம்பர் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? குழந்தையிடம் எதை முதலில் பார்ப்பது? மூச்சுக்குழாயில் ட்யூப் போடத் தெரியாதது, டோஸ் கணக்கு, குழந்தையை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் அம்மா, இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நீங்கள் குறித்து வைத்திருக்கும் அந்த 34-இலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

மூச்சு எவ்வளவு இருந்தால் வேகம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வயதுவாரியாக அளவு வைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. அப்படிப் பார்த்தால் 68 கெட்ட எண், 34 நல்ல எண். ஆனால் 68 எப்படி 34 ஆனது? ஆக்சிஜன் சளியைக் கரைக்காது, வீங்கிய மூச்சுக்குழாயைச் சரி செய்யாது. ஆக்சிஜன் வைத்ததும் மூச்சு வேகம் கொஞ்சம் குறையலாம், சில நிமிடங்களில் பாதியாகாது. நோய் அப்படியே இருக்க, மூச்சு மட்டும் பாதியானால், இழுத்து இழுத்து அந்தக் குழந்தை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சாச்சுரேஷன் 95 காட்டியதிலும் ஆச்சரியம் இல்லை. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது மூச்சு மெலிந்தாலும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே நிற்கும். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்குவதை விரலில் மாட்டும் ப்ரோப் காட்டாது. அது தேங்கத் தேங்க மயக்கம் வரும். அம்மா தூக்கம் என்று நினைத்தது அந்த மயக்கத்தைத்தான். நீங்களும் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அழுகிற குழந்தை அடங்கினால் நல்லது என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

சரி, தூக்கத்தையும் ஓய்ந்து போனதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உள்ளங்காலை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். தூங்கும் குழந்தை முகம் சுளிக்கும், காலை இழுத்துக்கொள்ளும், சிணுங்கி அம்மாவைத் தேடும். ஓய்ந்த குழந்தை ஒன்றும் செய்யாது, அல்லது கண்ணை அரைகுறையாகத் திறந்து யாரையும் பார்க்காமல் மூடிக்கொள்ளும். கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழும். சட்டையை விலக்கி நெஞ்சைப் பாருங்கள். நோய் குறைந்து தூங்கினால் விலா இடுக்கு உள்ளே போவதும் குறைந்திருக்கும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகும். மூச்சின் எண்ணிக்கை குறைந்து, நெஞ்சு இன்னும் உள்வாங்கிக்கொண்டிருந்தாலோ, காற்றுச் சத்தமே மெலிந்திருந்தாலோ, உடனே ஆம்பு பேக்கை எடுக்க வேண்டும். முன்பு கேட்ட வீசிங் சத்தம் திடீரென்று கேட்காமல் போவதும் அப்படித்தான். காற்று போனால்தானே சத்தம் வரும்.

இனி, எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வி. தொடுவதற்கு முன்னால் பாருங்கள். வாசலில் நின்று, பெட்டியைத் திறக்காமல், அரை நிமிடம். பார்க்க வேண்டியது மூன்று: குழந்தை இருக்கும் விதம், மூச்சுக்குப் படும் பாடு, தோலின் நிறம். குழந்தை மருத்துவத்தில் இதை மதிப்பீட்டு முக்கோணம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். தொட்டவுடன் குழந்தை அழத் தொடங்கிவிடும், அப்புறம் எண்ணுகிற மூச்சும் நாடியும் நோயால் வந்ததா, உங்களைப் பார்த்த பயத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அந்த அரை நிமிடம் திரும்பக் கிடைக்காது.

இருக்கும் விதம் என்றால்: உடம்பில் பிடிமானம் இருக்கிறதா, உங்களைக் கண்டு மிரள்கிறதா, அம்மா தூக்கினால் அடங்குகிறதா, கண் எதையாவது பின்தொடர்கிறதா, அழுகையில் பலம் இருக்கிறதா. புது ஆளைக் கண்டு வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி. மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குளுக்கோஸும் போகிறது, அதனால்தான் அதற்கு உங்களைப் பிடிக்கவில்லை. ஊசி போடும்போதுகூட மறுப்புக் காட்டாத குழந்தையைப் பார்த்தால்தான் எனக்குப் பதற்றம்.

மூச்சுக்குப் படும் பாட்டை எண்ணிக்கையில் தேடாதீர்கள், உடம்பில் தேடுங்கள். மூக்குத் துவாரம் விரிவது, விலா இடுக்கும் நெஞ்சுக்குழியும் கழுத்துக் குழியும் உள்ளே போவது, கைக்குழந்தையாக இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது. அப்புறம் முனகல். இது பலருக்கும் பிடிபடுவதில்லை. மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் "ங்... ங்..." என்று சின்னதாக ஒரு சத்தம். வலியில் முனகுகிறது என்று வீட்டில் சொல்வார்கள். நுரையீரலின் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க, குரல்வளையைப் பாதி மூடி அழுத்தத்தைத் தக்கவைக்கக் குழந்தை தானாகவே செய்யும் வேலை அது. அந்தச் சத்தம் கேட்டால் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் போட்டுவிடுங்கள்.

குழந்தைகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சில் விழுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் வழி 2 மில்லிமீட்டர் ஆகிவிடும், காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்கு ஏறும். பெரியவருக்கு 8 மில்லிமீட்டர் என்று வைத்தால், அதே வீக்கத்துக்கு எதிர்ப்பு மூன்று மடங்குதான். அழுதால் காற்று இன்னும் தாறுமாறாகப் போய் நிலைமை மோசமாகும். அதனால்தான், மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், தொண்டைக்குள் குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், அம்மா மடியில் உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மாஸ்க் போட்டால் அடம்பிடிக்கிறதா? அம்மா கையில் கொடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். போராடி மாட்டிய மாஸ்கைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். சளி அடைத்திருந்தால் இரண்டு சொட்டு சலைன் விட்டு மூக்கை மெதுவாகச் சக்ஷன் செய்தாலே (சளியை உறிஞ்சி எடுத்தாலே) மூச்சுத் திணறல் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். எட்டு மாதக் குழந்தை, மூன்று நாள் சளி என்றால் நான் முதலில் கை வைப்பது மூக்கில்தான்.

தோலைப் பார்ப்பது ரத்த ஓட்டத்துக்காக. வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா, கை கால் சில்லென்று இருக்கிறதா. நெஞ்செலும்பின் மேல் ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள், நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை. பி.பி.யை நம்பி உட்கார வேண்டாம். ஒன்றிலிருந்து பத்து வயது வரை மேல் பி.பி. 70-உடன் வயதின் இரண்டு மடங்கைக் கூட்டினால் வரும் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. நான்கு வயதென்றால் 78. ஆனால் குழந்தையின் ரத்தக்குழாய்கள் அபாரமாகச் சுருங்கிப் பி.பி.யைப் பிடித்து வைத்திருக்கும். ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போகும் வரைகூட எண் நன்றாகவே இருக்கலாம். 10 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே சுமார் 800 எம்.எல். என்பதை நினைத்துப் பாருங்கள். பி.பி. விழுந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்கு வெகு நேரம் முன்பே நாடி வேகமாகியிருக்கும், பாதம் சில்லிட்டிருக்கும்.

நாடி வேகம் குறைவதும் மூச்சைப் போலத்தான். நோயாளிக் குழந்தைக்கு நாடி இறங்கினால், வேறு காரணம் நிரூபணம் ஆகும் வரை ஆக்சிஜன் பற்றாக்குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தேடாதீர்கள், மூச்சுக் கொடுங்கள். ஆம்பு பேக்கால் நன்றாக மூச்சுக் கொடுத்தும் நாடி 60-க்குக் கீழே நின்று, ரத்த ஓட்டமும் மோசமாக இருந்தால், இதயம் துடிக்கிறதே என்று காத்திருக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, தனி ஆள் என்றால் 30-க்கு 2. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது ட்யூப். அது தெரியவில்லையே என்ற கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். 2000-ஆம் ஆண்டில் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு மாவட்டங்களில், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்த 12 வயது வரையிலான 830 குழந்தைகளை வைத்துச் செய்தது. ஆம்பு பேக் மட்டும் பயன்படுத்திய பிரிவுக்கும், ட்யூப் போடலாம் என்று அனுமதித்த பிரிவுக்கும் உயிர் பிழைத்ததிலோ மூளை நலத்திலோ பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. போகும் வழி குறுகியதாக இருக்கும்போது ஆம்பு பேக்கை நன்றாகப் போடத் தெரிந்தவரே குழந்தைக்கு வேண்டியவர்.

நன்றாகப் போடுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். மாஸ்க் மூக்கின் மேடு தொடங்கி தாடைக் குழி வரை இருக்க வேண்டும், கண்ணில் உட்காரக் கூடாது. கைக்குழந்தைக்குப் பின்தலை பெரிது, அதனால் மட்டமாகப் படுக்க வைத்தாலே கழுத்து மடங்கி மூச்சுவழி அடைபடும். தோளுக்குக் கீழே மடித்த துணி ஒன்றை வையுங்கள், முகம் நேராக மேலே பார்க்கட்டும், அளவுக்கு மீறிப் பின்னால் சாய்க்க வேண்டாம். விரல்கள் தாடை எலும்பின் மேல் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே இருக்கும் மென்மையான சதையை அழுத்தினால் நாக்கே மேலே போய் வழியை அடைத்துவிடும். மாஸ்கை முகத்தில் அமுக்காமல், முகத்தைத் தூக்கி மாஸ்குக்குக் கொண்டுவாருங்கள்.

அழுத்தும் அளவு? 8 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவை 50, 60 எம்.எல். காற்று. குழந்தைகளுக்கான பேக்கே 500 எம்.எல். பக்கம் கொள்ளும். முழுவதையும் பிழிந்தால் மிச்சமெல்லாம் வயிற்றுக்குப் போகும், வயிறு உப்பி நுரையீரலை மேலே தள்ளும், வாந்தி வரும். நெஞ்சு லேசாக எழும்பினால் போதும், உடனே விட்டுவிடுங்கள். இரண்டு, மூன்று வினாடிக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில் கை வேகமாகிவிடும், அதனால் "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டே சொல்லுங்கள். நெஞ்சு எழும்பவில்லையா? தலையை மறுபடி சரி செய்யுங்கள், மாஸ்கை மறுபடி பொருத்துங்கள், சக்ஷன் போடுங்கள், முடிந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்கைப் பிடிக்க மற்றவர் பேக்கை அழுத்தட்டும்.

மயக்கமாகவோ சோர்வாகவோ இருக்கும் எந்தக் குழந்தைக்கும், வலிப்பு வந்த எந்தக் குழந்தைக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். குழந்தையின் கல்லீரலில் சேமிப்பு குறைவு, இரண்டு வேளை சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலே இறங்கிவிடலாம். 60-க்குக் கீழே என்றால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 முதல் 5 எம்.எல். வரை நரம்பில்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் போய்ச் சேரும்போதும் துடித்துக்கொண்டிருந்தால் அநேகமாக ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கை நரம்பைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் மிடாசோலத்தைத் தொடைத் தசையிலோ மூக்கிலோ கொடுங்கள், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். வீட்டிலேயே ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இரண்டு டோஸ் சேர்ந்தால் மூச்சு அடங்கும், ஆம்பு பேக் பக்கத்திலேயே இருக்கட்டும். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைக்கு அதிகபட்சம் 0.3. இதில் எந்த மருந்தை நீங்களே கொடுக்கலாம், எதற்குப் போனில் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் சேவையின் நெறிமுறைப்படிதான்.

டோஸ் பயம் நியாயமான பயம். குழந்தைகளுக்குத் தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. 10 கிலோ குழந்தைக்கு ஒவ்வாமைக்கான அட்ரினலின் 0.1 மில்லிகிராம், அதாவது ஒரு எம்.எல்.லில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்ப்யூலிலிருந்து வெறும் 0.1 எம்.எல். பெரிய சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது, 1 எம்.எல். சிரிஞ்ச்தான் சரி. கணக்கை அழுகைக்கு நடுவே போடாதீர்கள். போனில் வயது சொன்னவுடன், வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே தாளில் எழுதிவிடுங்கள். வயதோடு 4-ஐக் கூட்டி இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய எடை வரும்: ஒரு வயதுக்கு 10 கிலோ, நான்கு வயதுக்கு 16. மெலிந்த குழந்தைக்கு இது அதிகமாகக் காட்டும், அதனால் அம்மாவையும் கேளுங்கள், வண்டியில் நீளத்தை வைத்து எடை சொல்லும் நாடா இருந்தால் விரித்து அளங்கள். மருந்தை இழுத்ததும் மில்லிகிராம், எம்.எல். இரண்டையும் சத்தமாகச் சொல்லுங்கள், உடன் இருப்பவர் தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும்.

கடைசியாக அம்மா. அவரை இடைஞ்சலாகப் பார்க்காதீர்கள். "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டால் அழுவார். "கடைசியா எப்போ பால் குடிச்சான், வழக்கத்துல பாதியாவது குடிச்சானா? காலையிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்? இந்த அழுகை எப்பவும் அழுகிற அழுகைதானா?" என்று கேளுங்கள், துல்லியமான பதில் வரும். "இவன் இப்படி இருக்கவே மாட்டான்" என்று ஓர் அம்மா சொன்னால், உங்கள் கருவி என்ன காட்டினாலும் அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் பால் குடிப்பதை நிறுத்தினாலோ, "பார்க்க நல்லாத்தானே இருக்கான்" என்று யார் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

வண்டி நின்றுகொண்டிருக்கும் வரை மடி, ஓடத் தொடங்கினால் பெல்ட். இது கஷ்டம் என்று தெரியும். ஆனால் திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைகளுக்கான பெல்ட்டை ஸ்ட்ரெச்சரில் மாட்டி, தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார்ந்தாற்போல வையுங்கள். அம்மாவைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள், கை எட்டும் தூரத்தில். நெபுலைசர் போன்ற, அழ வைக்கும் வேலைகளைக் கிளம்புவதற்கு முன்பே மடியில் வைத்து முடித்துவிட்டால் பிரிப்பதும் சுலபம். அம்மாவிடம் ஒரு வேலையும் கொடுங்கள்: "அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. உங்களைப் பார்க்கிறதை நிறுத்திட்டா உடனே எனக்குச் சொல்லுங்க."

கை பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நோயாளிக் குழந்தைகள் உங்களுக்கு அரிதாகத்தான் வருவார்கள், அவர்களை வைத்து மட்டும் பழக முடியாது. தடுப்பூசி போடும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு காலை நேரம் உட்காருங்கள். நல்ல குழந்தை எப்படி மூச்சு விடுகிறது, எப்படி மிரள்கிறது, பாதம் எவ்வளவு சூடாக இருக்கிறது, அம்மா தூக்கியதும் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் பொம்மை ஒன்றை வைத்து, உங்கள் வண்டியில் இருக்கும் அதே ஆம்பு பேக், அதே மாஸ்கை எடுத்து, உங்கள் ஓட்டுநரோடு சேர்ந்து பழகுங்கள், ஏனென்றால் அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கப்போகும் இன்னொரு ஜோடிக் கை அவருடையதுதான். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பிறந்த குழந்தைக்கான மாஸ்க், கைக்குழந்தை மாஸ்க், பெரிய குழந்தை மாஸ்க் மூன்றும் பெட்டியில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.